சைவத் தொட்டி

நான் சைவனாக மாறியது எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், மத்தியானம் ஒன்றரை மணிக்கு. மாற்றியவர் என் ஆபீஸ் நண்பர் ராமமூர்த்தி. மாறிய இடம் சிம்மக்கல்லில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மட்டன் மெஸ். நல்லியை உறிஞ்சி முடித்து, எலும்பை இலை ஓரத்தில் மரியாதையாகக் கிடத்திவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ள, வீடு ரெடி. கே.கே. நகர்ல மாடி போர்ஷன். கெணறு இருக்கு, மோட்டார் இருக்கு, மாடிக்கே பைப்புல தண்ணி வரும். வீட்டுக்காரரு ராஜாராம், பேங்க் மேனேஜர், எங்க ஆளுதான். ஒரே ஒரு கண்டிசன். அவரு சுத்த சைவம். குடி வாரவனும் சைவமா இருக்கணும்பாரு."

"அப்ப நமக்கு எப்பிடிண்ணே தோதுப்படும்?"

"கேட்டா மூணு தலைமுறையா சன்மார்க்கம்னு சொல்லு. மனுசன் வந்து ஒன் வயித்தக் கிழிச்சா பாக்கப் போறாரு?" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைப் பார்த்து இன்னொரு சுக்கா கேட்டார்.

ராமமூர்த்தியும் ராஜாராமும் சௌராஷ்டிரா சமூகம். இலையில் என்ன விழ வேண்டும் என்பதில் மற்ற எல்லாச் சமூகத்தையும் போல அங்கேயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆனால் என் பெயர் உக்கிரபாண்டி. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவது தெரிந்தால் முதலில் கவலைப்படுவது ஆடுதான். இந்தப் பெயரையும் இந்த ஊரையும் வைத்துக்கொண்டு சன்மார்க்கம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆனாலும் சொன்னேன். அந்த வருஷம் மழை பொய்த்துப்போய் மதுரையே குடத்தோடு தெருவில் நின்றது. சிம்மக்கல் சந்தில் நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. தெருக் குழாயில் பிடித்து முப்பத்தாறு படி ஏற்ற வேண்டும். என் மனைவி ஜெயக்கொடி நான்கு மாதம். ஏற்கெனவே ஒன்று கலைந்துபோயிருந்தது. குடத்தைத் தூக்கினால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லிவிட்டார். மாடிக்குத் தண்ணீர் வரும் வீட்டுக்காக நான் சைவனாக என்ன, சாமியாராகவும் ஆகியிருப்பேன்.

ராஜாராம் என்னை உட்காரவைத்து விசாரித்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், எதிராளி பொய் சொல்லுவான் என்று முன்கூட்டியே மன்னித்துவிட்ட மாதிரி ஒரு புன்னகை.

"வெங்காயம் சேப்பீங்களா, பாண்டி சார்?"

"அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் சேக்க மாட்டோம் சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே திரும்பி மனைவி ரங்கநாயகி அம்மாளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஆனால் சாவி வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் நடத்தியது திருட்டு வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை தோறும் காளவாசலில் என் மாமியார் வீட்டுக்குப் போவோம். அயிரை, கெளுத்தி, கோழி, எது கிடைத்தாலும் ஒரு வாரத்துக்கும் சேர்த்துத் தின்போம். பிறகு சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவி, வெற்றிலை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவோம். மசக்கைக்காரி வாய் ஒரு நாளோடு அடங்குமா? மிச்சக் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, மேலே தயிர்ச்சாதம் வைத்து மறைத்துக்கொண்டு வருவாள்.

மூன்றாவது வாரமே முத்துத்தாய் கண்டுபிடித்துவிட்டாள். கீழ் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பாத்திரம் கழுவி, துணி துவைக்கிறவள் அவள். அந்தத் தெருவில் அவளுக்கு மொத்தம் ஐந்து வீடு. திங்கட்கிழமை தூக்குச்சட்டியைக் கழுவும்போது கெளுத்தி முள் ஒன்று அவள் கையில் குத்தியது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

"இத இங்கன குப்பையில போட்டுறாதீங்க தம்பி. நாயி இழுத்துட்டு வந்து வாசல்ல போட்ரும்" என்று சொல்லி, முள்ளைக் காகிதத்தில் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எங்க தெருவுல கொண்டுபோயிப் போட்டுக்கிறேன். புள்ளத்தாச்சி, நல்லாத் திங்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு முள்ளெல்லாம் திங்கள் தோறும் முத்துத்தாய் பையில் ஊர்வலம் போனது.

இந்தச் சமயத்தில்தான் ராஜாராம் பேங்க் டிரெய்னிங்குக்காகப் பம்பாய் போய்விட்டு வந்தார். மூன்று வாரம். போகும்போது நன்றாகத்தான் போனார். அங்கே அவருடைய பெரிய அதிகாரி வீட்டில் கடல் தண்ணீர் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டார். நம் ஊரில் தங்க மீன் வளர்ப்பவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். கடல் மீன் வளர்ப்பவர் ஒருவரும் இல்லை. அது போதாதா?

ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி ஹாலில் ஏறியது. தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வாசலைப் பார்க்க வைத்தார். வேன் பிடித்து ராமேஸ்வரம் போய், நாற்பது பிளாஸ்டிக் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். வருகிற வழியில் மண்டபத்தில் மீன்காரர்களைப் பிடித்து, கலர் கலராகப் பன்னிரண்டு மீன் வாங்கினார். கரையோரத் தண்ணீரில் கிடந்த கடல் கல் ஒன்றையும் அவரே பொறுக்கினார். உடம்பெல்லாம் ஓட்டையாக, பார்க்கத் திருப்பரங்குன்றம் மலை போலவே இருந்ததாம். குடிக்கிற தண்ணீருக்குத் தெருவே அடித்துக்கொண்டிருந்த நாளில், எதற்கும் உதவாத தண்ணீர் நாற்பது கேன் வேனிலிருந்து இறங்கியது. தெருக்காரர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ரங்கநாயகி அம்மாளுக்கு முதலில் இதில் இஷ்டமில்லை. மீன் எப்படியானாலும் மீன்தானே. ஆனால் தண்ணீர் ராமேஸ்வரம் தண்ணீர் என்று தெரிந்ததும் மனம் மாறிவிட்டார். அக்கினி தீர்த்தம் வீட்டுக்கே வந்திருக்கிறது! தொட்டியின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்தார். குளிக்காதவர்கள் பக்கத்தில் போகக் கூடாது. முத்துத்தாய் ஹாலைத் துடைக்கும்போது தொட்டி இருந்த பக்கத்தை மட்டும் அம்மாளே துடைத்துக்கொண்டார்.

அடுத்த பிரச்னை சாப்பாடு. சுத்த சைவ வீட்டில் மீன்கள் என்ன சாப்பிட வேண்டும்? ராஜாராம் யோசிக்கவே இல்லை. காலையில் இட்லி உதிர்த்துப் போட்டார். சாயங்காலம் பொட்டுக்கடலை மாவு. ஏகாதசிக்கு அவர்களோடு சேர்ந்து மீன்களும் பட்டினி.

"மாமிசம் திங்கிறதெல்லாம் சகவாச தோஷம், பாண்டி சார்" என்று என்னிடம் விளக்கினார். "நல்ல எடத்துல வச்சு நல்லதாக் குடுத்தா எந்த ஜீவனும் மாறிடும். இது சைவத் தொட்டி. மதுரையிலேயே முதல் சைவத் தொட்டி."

"ஆமா சார். எல்லாம் வளக்கிற வெதத்துலதான் இருக்கு" என்றேன். முந்தின நாள் அயிரை தின்ற விரலைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு மீனைக் காணவில்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது, ராஜாராமுக்கு மிகவும் செல்லம். செத்து மிதக்கவில்லை, தரையில் துள்ளி விழுந்து கிடக்கவில்லை. இருந்தது, இல்லை. நான்கு நாள் கழித்து இன்னொன்று. பிறகு மஞ்சள் கோடு போட்டவை இரண்டும் சேர்ந்தே போயின.

ரங்கநாயகி அம்மாள் கலங்கவில்லை. "தீர்த்தத்துலயே வாழ்ந்து, சைவமாச் சாப்ட்டு, ஏகாதசி விரதமும் இருந்தா அதுக மோட்சத்துக்குத்தான் போகும். ஒடம்போட போயிருக்கு" என்றார். செய்தி தெருவில் பரவி, ஒரு வாரம் பெண்கள் வந்து தொட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ராஜாராமுக்கும் இது பிடித்திருந்தது. ஆனால் பன்னிரண்டு ஐந்தானபோது அவருக்குள் இருந்த பேங்க் மேனேஜர் விழித்துக்கொண்டார். மோட்சத்துக்குப் போகிற வேகம் அதிகமாகத் தெரிந்தது.

முதலில் பூனையைச் சந்தேகித்தார். தொட்டியின் மேல் கொசுவலை கட்டினார். வலை கட்டிய மூன்றாம் நாள் நான்கானது. அது ஒரு திங்கட்கிழமை. பேங்குக்கு லீவு போட்டுவிட்டு ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எங்களையும் கூப்பிட்டார்கள். ஜெயக்கொடி மாடிப்படியில் நின்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"இந்த வீட்டுல மீன் திங்கிறவங்க யாரு?" என்று கேட்டார் ராஜாராம். கேட்டுக்கொண்டே எங்களைத் தாண்டி முத்துத்தாயைப் பார்த்தார். சன்மார்க்கத்தைச் சந்தேகிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"நான் திம்பேன்யா. கெடைச்சா விடுவேனா?" என்றாள் அவள்.

"பையக் கொட்டு."

பை கொட்டப்பட்டது. சுருக்குப் பை, வெற்றிலை, மாற்று ரவிக்கை ஒன்று. கூடவே ஒரு காகிதச் சுருள். ராஜாராம் குச்சியால் அதைப் பிரித்தார். உள்ளே கெளுத்தி முள் மூன்று. முந்தின நாள் இரவு நானும் என் மனைவியும் தின்றது.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. முத்துத்தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு படியில் நின்ற ஜெயக்கொடியின் வயிற்றைப் பார்த்தாள்.

"நேத்து நான் தின்னது. குப்பையில போட மறந்துட்டேன்" என்றாள்.

கடல் மீன் சுண்டு விரல் அளவு. கெளுத்தி முள் சுண்டு விரல் நீளம். மீன் தின்கிற எவனுக்கும் இரண்டும் ஒன்றில்லை என்று பார்த்ததும் தெரியும். அந்த ஹாலில் அது தெரிந்த மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெயக்கொடி என்னோடு பேசவில்லை. "இன்னும் ரெண்டு மாசம்தான். பெறந்துரட்டும். அதுக்குப் பெறகு நானே சொல்லிர்றேன்" என்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

முத்துத்தாய் கையில் மீன் கிடைக்கவில்லை என்பதால் ராஜாராம் உடனே அவளை விரட்டவில்லை. வெள்ளிக்கிழமை வரை யோசித்து உண்மையைச் சொல்லச் சொன்னார். சொல்லாவிட்டால் மற்ற மூன்று வீட்டுக்கும் தகவல் போகும் என்றார். ஐந்து வீட்டுச் சோறு ஒரே நாளில் போகும். போனாலும் பரவாயில்லை, கள்ளி என்று பெயர் வாங்கிக்கொண்டு வேறெந்தத் தெருவில் போய் வேலை கேட்பாள்?

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார் நின்றுவிடும். அப்போதெல்லாம் என் வேலை, சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு கீழே போய் ரப்பர் குழாயில் மாட்டி ஊதுவது. வாடகை ஒப்பந்தத்தில் இது கிடையாது. இருந்தாலும் ஊதினேன். மாடித் தண்ணீருக்கு நான் செய்யாத ஊழியம் இல்லை.

ராஜாராம் மெழுகுவத்தி தேடி உள்ளே போயிருந்தார். ஒரு கையில் பம்பு, மறு கையில் டார்ச். வெளிச்சத்தைத் தற்செயலாகக் கல்லின் மேல் அடித்தேன். திருப்பரங்குன்றத்தின் அடிவாரத்து ஓட்டையிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. பழுப்பு நிறம், குட்டிக் கண், திறந்து மூடும் வாய், வாய் நிறைய ஊசிப் பல். மெதுவாக முக்கால் முழம் வெளியே வந்து, தூங்கிக்கொண்டிருந்த நீல மீனை ஒரே கவ்வாகக் கவ்வி, திரும்பி உள்ளே போனது. அவ்வளவுதான். தண்ணீர்கூட அசையவில்லை.

எங்கள் ஊர்க் கண்மாயில் பிறந்து வளர்ந்தவன் நான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. விலாங்கு. கடலில் பிறந்த விலாங்கு. ராஜாராம் தன் கையாலேயே கல்லோடு பொறுக்கிக்கொண்டு வந்த விலாங்கு.

மெழுகுவத்தியோடு வந்தவரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதில்தான் என் புத்தி. விலாங்கு என்று சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதனால், "சார், கல்லுக்குள்ள பாம்பு மாதிரி என்னமோ இருக்கு" என்றேன். மீனைத் தின்றது என்று நான் அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் ரங்கநாயகி அம்மாள் ஓடிவந்து டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார். தலை மறுபடி வெளியே வந்தது. அம்மாள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாகராஜா!"

விஷயம் என்னவென்றால், கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை செய்தபிறகுதான் அவர்களுக்கு மகள் வசுந்தரா பிறந்தாள். அந்தப் பெண் கல்யாணமாகிச் சேலத்தில் இருக்கிறாள். அன்றைக்குப் பிரதிஷ்டை பண்ணிய நாகம் இத்தனை வருஷம் காத்திருந்து, தீர்த்தத்தோடு கேன் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டது என்பதில் அம்மாளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ராஜாராமும் கைகூப்பிவிட்டார்.

"சார், அதுதான் மீனத் திங்கிதோன்னு..." என்று இழுத்தேன்.

"நாகம் பால்தான் குடிக்கும், பாண்டி சார். சன்மார்க்கத்துல இருந்துக்கிட்டு நீங்களே இப்பிடிப் பேசலாமா?" என்றார் அவர்.

அன்று தொட்டிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் பால் வைத்தார்கள். காலையில் கிண்ணம் காலி. சந்தேகத்திலிருந்து விடுதலையான பூனை மீசையை நக்கிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

நாகம் வந்ததால் முத்துத்தாய்க்கு விடிவு வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. தெய்வம் குடியிருக்கிற தொட்டியிலேயே ஒருத்தி கை வைத்திருக்கிறாள் என்று குற்றம் பெரிதாகிவிட்டது. ரங்கநாயகி அம்மாள் தீர்ப்பு முறையையும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் முத்துத்தாய் குளித்துவிட்டு வர வேண்டும். தீர்த்தத்துக்குள் கையை விட்டு, நாகம் சாட்சியாக, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். எடுக்காதவள் கையை நாகம் தீண்டாது. எடுத்தவள் என்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் சத்தியம் என்பது விளையாட்டில்லை. சூடத்தை அடித்துச் சத்தியம் செய்துவிட்டால் கொலை வழக்குகூட ஊரளவில் முடிந்துபோகும். அதனால் முத்துத்தாய்க்கு இந்த ஏற்பாடு சந்தோஷமாகவே இருந்தது. "எடுக்காதவளுக்கு என்ன தம்பி பயம்? கையென்ன, தலையவே விடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். தொட்டிப் பக்கமே போகவிடாத காரணத்தால் அந்த நாகத்தை அவள் பார்த்ததே இல்லை.

கண்மாயில் விலாங்கைப் பொந்துக்குள் கைவிட்டுப் பிடிக்கப்போய் என் சித்தப்பாவுக்கு விரல் நுனி போனது. அதற்கு இந்தப் பல் கிடையாது. இந்த விலாங்கோ பதினைந்து நாளுக்கொரு ஏகாதசி என்று காய்ந்துபோய்க் கிடக்கிறது. முத்துத்தாயின் கை உள்ளே போன மறு நிமிஷம் ரத்தம் வரும். ரத்தம் வந்தால் அவள் கள்ளி. மேல்முறையீடு கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தது. தெருப் பெண்கள் இருபது பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மூன்று வீட்டு எஜமானிகளும் முன்வரிசை. குத்துவிளக்கு எரிந்தது. முத்துத்தாய் ஈரத் தலையோடு, புதுச்சேலை கட்டி, திருநீறு பூசி வந்தாள். கொசுவலையை ராஜாராம் நீக்கினார். நான் மாடிப்படியில் நின்றேன். மேலே எங்கள் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நிறைந்த பானையின் சத்தம். இன்னும் இரண்டு மாதம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் ஜெயக்கொடி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற கிள்ளு.

முத்துத்தாய் வளையலை மேலே ஏற்றிக்கொண்டாள். கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். கல்லின் ஓட்டையில் தலை தெரிந்தது.

"அக்கா! கைய விடாதீங்க! கடிச்சுரும்!"

எல்லோரும் திரும்பினார்கள். நான் எப்போது படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"யாரு கடிக்கிறது? நாகத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ராஜாராம் சீறினார்.

"நாகத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். விலாங்கப் பத்தித் தெரியும். பாம்புக்கு ஏது சார் முதுகு நெடுகத் துடுப்பு? இது மீனு. மீனத் திங்கிற மீனு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தின்னுருக்கேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக அடக்கிவைத்த வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க கண்மாய் வத்துறப்ப சேத்துல கெடக்கும் சார். கையில நிக்காது, வழுக்கும். சாம்பலப் போட்டு உருவணும். வட்டம் வட்டமா நறுக்கி, மஞ்சத்தூளும் உப்பும் பெரட்டி வச்சு, சின்ன வெங்காயம் நெறையாப் போட்டு, பழம்புளி கரைச்சு, மண்சட்டியில கொதிக்கவிட்டா எண்ணெ அதுவாவே மேல மிதக்கும். அன்னைக்குத் திங்கக் கூடாது. மறுநா வச்சுத் தின்னா..."

எதிர் வீட்டு அம்மாள் ஒருத்தி எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. ரங்கநாயகி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குப் பையில இருந்த முள்ளும் எங்க வீட்டு முள்ளுதான் சார். அக்கா எங்களுக்காகச் சொமந்துச்சு. அது ஒண்ணும் எடுக்கல" என்று முடித்தேன். சொல்லி முடித்ததும் வயிற்றிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கூடவே, வீடு போச்சு என்பதும் உறைத்தது.

முத்துத்தாய் வெளியே போனாள். பத்து நிமிஷத்தில் எங்கிருந்தோ ஒரு சின்ன மீனை வாங்கி வந்து, குச்சியில் குத்தித் தண்ணீருக்குள் விட்டாள். நாகராஜா முழு உடம்போடு வெளியே வந்து, மீனைப் பிடுங்கி, குச்சியையும் கடித்துத் துப்பியது. முன்வரிசை எஜமானிகள் காலை மடக்கிக்கொண்டார்கள்.

மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. ரங்கநாயகி அம்மாள்தான் தொண்டையைச் செருமினார். "சரி விடு முத்துத்தாய். இனிமே தெனம் நீயே அதுக்கு மீன் வாங்கிட்டு வந்துரு. உனக்குத்தான் பழக்கம்."

"எனக்குத் திங்கிற பழக்கம்தாம்மா உண்டு. திருடுற பழக்கம் இல்ல" என்றாள் முத்துத்தாய். "வாங்கியாறேன். ஆனா பையச் சோதிக்காதீங்க. கையில கவிச்சி ஒட்டிக்கிரும்."

ஆம், விலாங்கு அங்கேயே இருந்தது. அத்தனை செலவு செய்து, அத்தனை பேர் கும்பிட்ட ஒன்றைத் தூக்கி எறிய முடியுமா? நாகம் இல்லாவிட்டாலும் நாகத்தின் அம்சம் என்று அம்மாள் சமாதானம் செய்துகொண்டார். குங்குமம் அப்படியே இருந்தது. இட்லி நின்றது.

மறுநாள் காலை ராஜாராம் மாடிக்கு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மாசக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார்.

"சார், பிரசவம் வரைக்குமாவது. இங்கன ஒண்ணும் சமைக்க மாட்டோம்."

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, பாண்டி சார். ஆனா வீட்டுக்குன்னு ஒரு ஆசாரம் இருக்கே."

"கீழ ஹால்ல ஒண்ணு தெனம் மீன் திங்கிதே சார்."

"அது வாயில்லா ஜீவன். அதோட இயற்கை அது. நீங்க ஆறறிவு படைச்சவரு. நீங்களும் அதுவும் ஒண்ணா?" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவருடைய குரலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அதுதான் ஆத்திரமாக வந்தது.

சாமான்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி முடித்தபோது ராஜாராம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாண்டி சார், ஒரு சந்தேகம். உங்களைத்தான் கேக்கணும். நேத்து வாங்கிட்டு வந்ததை அது தொடவே இல்ல. மீன் புதுசா, பழசான்னு எப்பிடிப் பாக்குறது?"

நான் வண்டிக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினேன். ஜெயக்கொடிதான் வண்டியில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள்.

"செவுளைத் தூக்கிப் பாருங்க சார். செக்கச்செவேர்னு இருந்தா புதுசு. கண்ணு குழி விழுந்திருந்தா வாங்காதீங்க. பட்டினி போடாம நல்லாக் குடுங்க, பாவம்."

அவர் இரண்டு தடவை அதைச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புது வீடு முத்துத்தாய் பார்த்துக் கொடுத்தது. அவள் தெருவிலேயே ஒற்றை அறை. தெருமுனையில் அடிபம்பு. முதல் நாள் விடிகாலையில் அவளே வந்து எங்களுக்கு இரண்டு குடம் அடித்துக் கொடுத்தாள். மூன்றாவது குடம் பாதியில் நின்றது. அவளுக்கு நேரமாகிவிட்டது. ஏழு மணிக்குள் விலாங்குக்குப் புது மீன் போய்ச் சேர வேண்டும். பம்புக் கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் பதினோரு குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றில் நான்கு எங்களுடையவை. ஜெயக்கொடி இடுப்பில் கையை ஊன்றி, குடம் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வருவதற்குப் பதில் பம்பு காற்றைத்தான் துப்பியது.